ஒரு ஞாயிறு, ஐந்து ஜாடி: பொடி, தொக்கு, புளிக்காய்ச்சல் செய்ய முழுமையான வழிகாட்டி

வெறும் தயிர்சாதம், ரவை உப்புமா, முந்தின நாள் மாவில் ஊற்றிய தோசை. இவற்றோடு தொட்டுக்கொள்ள ஒரு ஜாடி தயாராக இருந்தால் அதுவே முழுச் சாப்பாடு. இங்கே சொல்லப்படுவது அப்படி ஐந்து ஜாடிகளை ஒரே காலைப்பொழுதில் நிரப்பும் முறை: இட்லி மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல், பூண்டுக் காரச் சட்னி.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் கடினமில்லை. ஆனால் புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் செய்முறையில் அல்ல, வரிசையில். ஈர மிக்சியில் பொடி அரைப்பார்கள். தக்காளி சுண்டுமுன் மிளகாய்த்தூளைக் கொட்டுவார்கள். சூடு ஆறுமுன் மூடி போடுவார்கள். மூன்றிலும் கெடுப்பது தண்ணீர்தான். ஈரம் எங்கே இருக்கிறது, எப்போது வெளியேறுகிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கவனித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அளவுகளை முடிந்தவரை கிராமில் கொடுத்திருக்கிறோம். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நல்லது. தேக்கரண்டி என்றால் 5 மி.லி., மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி.

1. முந்தின நாளே முடிக்க வேண்டியவை

கண்ணாடி பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரோடு வைத்து 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு சுத்தமான துணியில் கவிழ்த்து வையுங்கள். துணியால் உள்ளே துடைக்கக் கூடாது. துடைக்கிற துணியில் இருக்கிற கிருமி மறுபடி உள்ளே போகும். வெயில் இருந்தால் ஒரு மணி நேரம் காய வையுங்கள்.

மூடிகளைத் தனியாகப் பாருங்கள். தகர மூடியின் உட்பூச்சு உரிந்திருந்தால் உப்பும் புளியும் பட்டுத் துருவேறும். அந்த பாட்டிலைப் பொடிக்கு வைத்துக்கொண்டு, தொக்குக்கும் புளிக்காய்ச்சலுக்கும் பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணாடியோ பழைய பீங்கான் ஜாடியோ எடுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். சூடு தாங்காது, எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும் விடாது, அடுத்த முறை வைக்கும் பொருளில் பழைய வாசம் ஏறும்.

கறிவேப்பிலையைக் கழுவி, உருவி, இரவு முழுக்க நிழலில் துணிமேல் பரப்பி விடுங்கள். ஈர இலை எண்ணெயில் விழுந்தால் வெடிக்கும். பொடியில் விழுந்தால் ஒரே வாரத்தில் சிக்கு வாடை வரும்.

மிளகாயைக் காம்பு கிள்ளி, ஒரு முறை உடைத்து உள்ளே பாருங்கள். பழைய வத்தலில் விதைப் பக்கம் சாம்பல் நிறத்தில் பூசணம் இருக்கும். வெளியே பளபளப்பாக இருப்பதை நம்ப முடியாது. பூசணம் கண்ட மிளகாயை வறுத்துச் சரிசெய்ய முடியாது, வீசிவிட வேண்டியதுதான்.

பாத்திரம்: பொடி வறுக்க அடி கனமான இரும்பு வாணலி. தக்காளிக்கும் புளிக்கும் எவர்சில்வர் அல்லது கல்சட்டி. அலுமினியத்தில் புளி கொதித்தால் உலோகம் கரைந்து சுவை கெடும். இரும்பில் கொதித்தால் கறுத்துப்போய் இரும்பு வாடை ஏறும். அகலமான வாய் உள்ள பாத்திரமாக இருக்கட்டும். பரப்பு கூடினால்தான் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும்.

2. வேலை வரிசை

காலையில் முதலில் புளியை ஊறப்போடுங்கள். அடுத்து எல்லா உலர் பொருள்களையும் வறுத்து ஆற விடுங்கள். அவை ஆறும் நேரத்தில் தக்காளியை நறுக்கி அடுப்பில் ஏற்றலாம். தக்காளி வேகும்போது பொடிகளை அரையுங்கள். மிக்சி இன்னும் ஈரம் படாமல் இருக்கும் நேரம் அது. பொடி முடிந்த பிறகுதான் அதே மிக்சியில் தக்காளி. இரண்டாவது அடுப்பில் புளிக்காய்ச்சல். பூண்டுச் சட்னி கடைசி, ஏனென்றால் பூண்டு வாடை மிக்சியை விட்டு லேசில் போகாது.

மொத்தம் மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இதில் பாதி, கிளறிக்கொண்டு நிற்கிற நேரம்.

3. வறுத்தல்: அவசரப்படக் கூடாத இடம்

எல்லாப் பருப்பையும் ஒன்றாகக் கொட்டி வறுப்பதுதான் அதிகம் பார்க்கும் தவறு. உளுத்தம்பருப்பு சின்னது, சீக்கிரம் சிவக்கும். கடலைப்பருப்புக்குக் கூடுதல் நேரம் வேண்டும். சேர்த்து வறுத்தால், கடலைப்பருப்பு பதத்துக்கு வரும்போது உளுந்து கருகியிருக்கும். உளுந்தைக் காப்பாற்ற இறக்கினால் கடலைப்பருப்பு உள்ளே பச்சையாக இருந்து, பொடி பல்லில் ஒட்டும்.

இட்லி மிளகாய்ப் பொடிக்கு வேண்டியவை: உளுத்தம்பருப்பு 150 கிராம், கடலைப்பருப்பு 75 கிராம், காய்ந்த மிளகாய் 30 கிராம், எள் 25 கிராம், கல் உப்பு 15 கிராம், சுண்டைக்காய் அளவில் இரண்டு துண்டு கட்டிப் பெருங்காயம், நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி, காய்ந்த கறிவேப்பிலை ஒரு கைப்பிடி.

மிளகாயில் பாதி நீட்டு மிளகாய், பாதி குண்டு மிளகாய் போட்டால் காரமும் மணமும் சமமாக வரும். குழந்தைகள் சாப்பிடுகிற வீடு என்றால், நிறம் குறையாமல் காரத்தை மட்டும் குறைக்க, மூன்றில் ஒரு பங்கு காஷ்மீரி மிளகாய் சேர்க்கலாம்.

வறுக்கும் வரிசை இப்படி. முதலில் எண்ணெயில் பெருங்காயம். மிதமான சூட்டில் அது பொரிந்து, உப்பி, நடுவிலும் வெள்ளையாக வரவேண்டும். நடுப்பகுதி மெழுகாக இருந்தால் மிக்சியில் அரைபடாமல் கட்டியாக நிற்கும். பெரிய துண்டைச் சின்னதாக உடைத்துப் போடுவது அதற்காகத்தான்.

அதே எண்ணெயில் மிளகாய், தீயைச் சிம்மில் வைத்து. நிறம் கொஞ்சம் ஆழமாகி, கையில் எடுத்தால் மடங்காமல் நொறுங்கும் பதம் போதும். கறுக்க விட்டால் வீடு முழுக்கக் கமறும், பொடியும் கசக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். மிளகாயை எடுத்ததும் கறிவேப்பிலையை அதே சூட்டில் போட்டு மொரமொரப்பாக்கி எடுங்கள்.

பிறகு எண்ணெய் இல்லாமல் கடலைப்பருப்பு, எடுத்தபின் உளுத்தம்பருப்பு. கறுப்புத் தோல் உளுந்து போட்டால் மணம் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் சிவப்பது கண்ணுக்குத் தெரியாது. நான்கைந்து பருப்பை எடுத்து ஆறவைத்துக் கடித்துப் பாருங்கள். ‘கறுக்’கென்று உடைந்தால் பதம், மாவாக மசிந்தால் இன்னும் வறுக்க வேண்டும். வாணலியின் சூடு அடுப்பை அணைத்த பிறகும் வேலை செய்யும். அதனால் பொன்னிறம் வருவதற்குச் சற்று முன்பே தட்டில் கொட்டிவிடுங்கள்.

எள் கடைசியில், வெறும் வாணலியில். படபடவென்று வெடித்து, சத்தம் குறைய ஆரம்பிக்கும்போது இறக்குங்கள். முழுச் சத்தமும் நிற்கும்வரை காத்திருந்தால் கசந்துவிடும். அணைத்த அடுப்பில், சூடான அந்த வாணலியிலேயே கல் உப்பைப் போட்டுப் புரட்டுங்கள். உப்பில் ஒளிந்திருக்கும் ஈரம் போகும்.

பருப்புப் பொடிக்கு: துவரம்பருப்பு 150 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், மிளகாய் 8, மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, உப்பு 10 கிராம், பெருங்காயம் ஒரு துண்டு. துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, மிளகு வெடித்ததும் எடுத்து, சீரகத்தை அடுப்பை அணைத்தபின் சூட்டிலேயே புரட்டினால் போதும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தது. லேசாகச் சூடாக்குவதோடு நிறுத்துங்கள்.

இந்த இரண்டோடு சேர்த்து, தொக்குக்கும் புளிக்காய்ச்சலுக்கும் வேண்டியதையும் இப்போதே வறுத்துவிடலாம். வெந்தயம் 2 தேக்கரண்டி தனியாக. இதற்குச் சிம் தீ மட்டும். வெந்தயம் செம்மஞ்சளாகி மணம் வந்தவுடன் கொட்டிவிடுங்கள். காபிக்கொட்டை நிறத்துக்குப் போனால் ஒரு ஜாடியையே கசப்பாக்கும். வெந்தயத்தை வறுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் போனை எடுக்காதீர்கள். பிறகு கடுகு 1 தேக்கரண்டி வெடிக்கும்வரை. அதன்பின் கொத்தமல்லி விதை 2 மேசைக்கரண்டி, மிளகாய் 8, எள் 1 மேசைக்கரண்டி.

4. அரைத்தல்

வறுத்ததெல்லாம் முழுமையாக ஆறட்டும், குறைந்தது அரை மணி நேரம். மேலே தொட்டால் ஆறினது போல் இருக்கும், குவியலுக்கு நடுவில் சூடு இருக்கும். அகலமான தட்டில் பரப்புங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி மிக்சி மூடியில் படிந்து, நீராகி, பொடியில் சொட்டும். பொடி கட்டிதட்டுவதற்கு இதுதான் காரணம்.

மிக்சியின் சின்ன ஜாரில் முதலில் மிளகாய், உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. இவை நைசாக வேண்டும். பிறகு பருப்புகளைச் சேர்த்து, விட்டு விட்டு நான்கைந்து சுற்று. இட்லிப் பொடி மெல்லிய ரவைப் பதத்தில் இருக்கவேண்டும். நைசாக அரைத்தால் எண்ணெய் விட்டவுடன் களியாகிவிடும். எள்ளைக் கடைசியில் போட்டு இரண்டே சுற்று. அதிகம் ஓட்டினால் எள் எண்ணெய் கக்கிப் பொடி மொத்தமும் ஈரப்பிசுக்காகும்.

பருப்புப் பொடிக்கு நேர்மாறு. அது சோற்றில் பிசைகிற பொடி, நைசாக இருக்கவேண்டும். பூண்டு சேர்த்து அரைக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு, சுவையும் பிரமாதம்தான். ஆனால் பூண்டில் ஈரம் உண்டு. அப்படிச் செய்தால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் தனியாக எடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

அரைத்ததும் பாட்டிலில் அடைக்க வேண்டாம். மிக்சி ஓடின சூடு பொடியில் இருக்கும். தாளில் பரப்பி 15 நிமிடம் கழித்து அடையுங்கள்.

வறுத்த வெந்தயத்தில் பாதியையும் கடுகையும் ஒன்றாக அரைத்துத் தொக்குக்கு வையுங்கள். மீதி வெந்தயம், கொத்தமல்லி விதை, மிளகாய், எள் நான்கையும் அரைத்தால் புளிக்காய்ச்சல் பொடி. இரண்டு கிண்ணத்திலும் பெயர் எழுதி வைப்பது நல்லது. பார்க்க ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும்.

5. தக்காளித் தொக்கு

தக்காளி 1 கிலோ, புளி 20 கிராம், நல்லெண்ணெய் 150 மி.லி., மிளகாய்த்தூள் 25 கிராம், மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கல் உப்பு 22 கிராம், தாளிக்கக் கடுகு 1 தேக்கரண்டி, பெருங்காயத்தூள் அரைத் தேக்கரண்டி, வெல்லம் 1 தேக்கரண்டி, வெந்தயம்–கடுகுப் பொடி முழுவதும்.

நாட்டுத் தக்காளியாக இருக்கட்டும். பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம், ஆனால் புளிப்புக் குறைவு. அதுதான் கிடைக்கிறது என்றால் புளியை 30 கிராம் ஆக்குங்கள். புளி இங்கே சுவைக்கு மட்டும் அல்ல. புளிப்புக் கூடினால்தான் தொக்கு கெடாமல் நிற்கும்.

தக்காளியைக் கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்து, காம்புக்கண்ணைக் குடைந்து எடுத்து நறுக்குங்கள். அடிபட்ட, கசிகிற பழம் ஒன்று கூட வேண்டாம். உப்பு, மஞ்சள்தூள், புளி, 2 மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து மூடாமல் வேக விடுங்கள். உப்பு முதலிலேயே விழுவதால் தக்காளி நீரை விரைவில் கக்கிவிடும். மூடினால் ஆவி மறுபடி தண்ணீராகி உள்ளேயே விழும், அரை மணி நேர வேலை ஒரு மணி நேரமாகும். சுமார் 20 நிமிடத்தில் தோல் சுருண்டு, சாறு பாதியாகக் குறைந்திருக்கும்.

ஆறவிட்டு அரையுங்கள். சூடாக மிக்சியில் போட்டால் உள்ளே ஆவி அழுத்தி மூடி தூக்கியடிக்கும், முகத்தில் தெறிக்கும். இது அடிக்கடி நடக்கிற விபத்து. அரைக்காமல் மத்தால் மசித்தும் விடலாம், திப்பிதிப்பியாக நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது மீதி எண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடித்ததும் தீயைக் குறைத்துப் பெருங்காயத்தூள். கடையில் வாங்கும் தூளில் மாவு கலந்திருக்கும். கொதிக்கும் எண்ணெயில் நொடியில் கருகும். உடனே தக்காளி விழுதைச் சேருங்கள். தெறிக்கும். நீளக் கைப்பிடிக் கரண்டி, முழுக்கை சட்டை, மேலே எண்ணெய்ச் சல்லடை இருந்தால் அதுவும். மிதமான தீயில், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அடியைச் சுரண்டிக் கிளறுங்கள்.

இங்கே கண்ணும் காதும் இரண்டும் வேண்டும். ஆரம்பத்தில் குமிழ்கள் சின்னதாக, நிறைய, சளசளவென்று வரும். தண்ணீர் குறையக் குறைய குமிழ் பெரிதாகி, ‘பொளக் பொளக்’ என்று விட்டு விட்டு வெடிக்கும். அதன் பிறகு சத்தம் மாறி, ஓரத்தில் எண்ணெய் பொரிகிற மெல்லிய ஓசை கேட்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. பாத்திரத்தின் அடி இரண்டு நொடி தெரிந்து மெதுவாக மூடினால், மிளகாய்த்தூள் போடும் நேரம் வந்துவிட்டது. இதற்கு 20 முதல் 25 நிமிடம் ஆகும்.

மிளகாய்த்தூளை ஏன் முதலிலேயே போடக்கூடாது? தூள் அடியில் தங்கி, நீண்ட நேரச் சூட்டில் கருகும். தொக்கு சிவப்பாக இல்லாமல் செங்கல் கறுப்பாக வருவதற்கு இதுவே காரணம். கடைசிப் பத்து நிமிடம் அதற்குப் போதும்; பச்சை வாடை போய்விடும்.

எண்ணெய் நன்றாகப் பிரிந்து, கிளறும்போது தொக்கு ஒரே திரளாகப் பாத்திரத்தை விட்டு நகரும்போது வெல்லமும் வெந்தயம்–கடுகுப் பொடியும் சேர்த்து, ஒரு நிமிடம் புரட்டி இறக்குங்கள். வெந்தயப் பொடி அதற்குமேல் வெந்தால் கசக்கும். ஒரு கிலோ தக்காளியில் கிடைப்பது ஏறக்குறைய 400 கிராம் தொக்கு. அதைவிட நிறைய இருந்தால் மகிழ வேண்டாம், தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம்.

எண்ணெயைப் பார்த்துப் பயந்து பாதியாகக் குறைக்கிறவர்கள் உண்டு. குறைக்கலாம், ஆனால் அப்போது அது ஊறுகாய் வகை அல்ல, ஒரு வாரச் சட்னி. குளிர்பெட்டியில் வைத்து அந்தக் கணக்கில் சாப்பிட்டுவிடுங்கள்.

6. புளிக்காய்ச்சல்

கொட்டை, நார் எடுத்த புளி 100 கிராம், நல்லெண்ணெய் 120 மி.லி., காய்ந்த மிளகாய் 15, கடுகு ஒன்றரைத் தேக்கரண்டி, கடலைப்பருப்பு 30 கிராம், கறிவேப்பிலை 3 ஈர்க்கு, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் ஒரு துண்டு, கல் உப்பு 30 கிராம், வெல்லம் 15 கிராம், வறுத்து அரைத்த பொடி முழுவதும்.

பழைய புளி கறுப்பாக, புளிப்பு ஓங்கி இருக்கும். புதுப் புளி செம்பழுப்பாக, கொஞ்சம் இனிப்போடு இருக்கும். புளிக்காய்ச்சலுக்குப் பழையதே ஏற்றது. புதுப் புளிதான் இருக்கிறது என்றால் வெல்லத்தை விட்டுவிடுங்கள்.

காலையிலேயே 400 மி.லி. வெந்நீரில் ஊறப்போட்ட புளியைக் கையால் பிசைந்து, கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். சக்கையில் இன்னும் 100 மி.லி. வெந்நீர் விட்டு ஒரு முறை. அதோடு நிறுத்துங்கள். மூன்றாவது, நான்காவது முறை கரைத்தால் புளிப்பு வராது, தண்ணீர்தான் கூடும். அதைச் சுண்டவைக்க எரிவாயு வீணாகும்.

எண்ணெயில் பெருங்காயத்தைப் பொரித்து எடுத்து நுணுக்கி வையுங்கள். பிறகு கடுகு, வெடித்ததும் கடலைப்பருப்பு, பாதிச் சிவந்ததும் கிள்ளிய மிளகாய், கடைசியில் கறிவேப்பிலை, மஞ்சள்தூள். மிளகாயையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டால், பருப்பு சிவக்குமுன் மிளகாய் கறுக்கும். சிவந்த பருப்பில் பாதியை அரித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் கொதிக்கும் பருப்பு ஊறி மென்மையாகிவிடும். எடுத்து வைத்ததைச் சோறு கலக்கும்போது போட்டால் கடிக்க மொறுமொறுப்பு இருக்கும். வேர்க்கடலைக்கும் இதே விதி, அது ஜாடிக்குள் போகவே கூடாது.

புளிக்கரைசலை ஊற்றி, உப்பும் பெருங்காயமும் சேர்த்து, கொதி வந்ததும் தீயை மிதமாக்குங்கள். 25 முதல் 30 நிமிடத்தில் கூழ் போலாகி, மேலே எண்ணெய் மினுங்கும். பதம் பார்க்க, எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு வைத்துச் சாய்த்துப் பாருங்கள். சொட்டைச் சுற்றி நீர் வளையம் பிரிந்து ஓடினால் இன்னும் காய்ச்ச வேண்டும். எண்ணெய் மட்டும் கசிந்து, சொட்டு தன் இடத்திலேயே நின்றால் பதம். வெல்லத்தைச் சேர்த்துக் கரைந்ததும் அடுப்பை அணைத்து, அரைத்த பொடியைத் தூவிக் கலக்குங்கள். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால், பதத்துக்குச் சற்று முன்னாடியே நிறுத்துவது சரி.

சுடச்சுட நக்கிப் பார்த்தால் உப்பும் புளிப்பும் தூக்கலாகத்தான் இருக்கும். பயந்து எதையும் சேர்க்காதீர்கள். இது உப்பில்லாத சோற்றில் கலக்கப்போகிற விழுது. ஒரு நாள் ஊறினபின் சுவை அடங்கும்.

7. பூண்டுக் காரச் சட்னி

காய்ந்த மிளகாய் 15ஐ வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பூண்டு 20 பல், புளி 10 கிராம், உப்பு 1 தேக்கரண்டியோடு நைசாக அரையுங்கள். 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, விழுதைச் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை 8 முதல் 10 நிமிடம் வதக்குங்கள்.

இதை மட்டும் வெளியே வைக்காதீர்கள். பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து, போதிய புளிப்பு இல்லாமல் அறைச்சூட்டில் விட்டால், காற்றுப் புகாத அந்த இடத்தில் பொட்டுலிசம் என்கிற, உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். வாடையோ நிறமோ மாறாமலேயே நஞ்சாகும், அதுதான் ஆபத்து. ஆறியதும் குளிர்பெட்டி, நான்கைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். தேங்காய் சேர்த்த சட்னி, துவையல் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லாததற்கும் காரணம் இதே மாதிரிதான். தேங்காயின் ஈரம் அன்றன்றைக்கே கெடும்.

8. ஜாடியில் அடைத்தல்

தொக்கையும் புளிக்காய்ச்சலையும் மெல்லிய துணியால் மூடி முழுக்க ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் பாட்டில் விரிசல் விடும். வெதுவெதுப்பாக அடைத்து மூடினால் மூடிக்கு அடியில் வியர்த்து, அந்தத் துளி மேலே விழுந்த இடத்தில் முதல் பூசணம் பூக்கும்.

காலி இடம் இல்லாமல் கரண்டியால் அழுத்தி நிரப்புங்கள். இடையில் காற்றுக் குமிழ் நின்றால் அந்தக் குழியில் கெடும். மேலே அரை விரற்கடை உயரத்துக்கு நல்லெண்ணெய் நிற்கவேண்டும். போதவில்லை என்றால் எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள். ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் மேற்பரப்பைச் சமப்படுத்தி, எண்ணெய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய பாட்டில் ஒன்றுக்குப் பதில் சின்னது இரண்டு நல்லது. ஒன்றைத் திறந்து புழங்கும்போது மற்றது சீல் மாதிரி நிற்கும். ஜாடிக்குள்ளேயே கரண்டியைப் போட்டு வைக்காதீர்கள். காய்ந்த கரண்டியில் வேண்டியதைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். இட்லித் தட்டில் பட்ட கரண்டி ஜாடிக்குள் போனால் அன்றிலிருந்து நாள் எண்ண வேண்டியதுதான்.

நிற்கும் காலம்: பொடிகள் வெளியில் இரண்டு மாதம். அதன் பிறகு கெடாது, ஆனால் மணம் போய் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும். புளிக்காய்ச்சல் வெளியில் ஒரு மாதம், குளிர்பெட்டியில் மூன்று மாதம். தொக்கு வெளியில் பத்து நாள், குளிர்பெட்டியில் இரண்டு மாதம். மழைக்காலத்தில் தொக்கை வெளியே வைக்கவே வேண்டாம்.

9. கெட்டுப்போனால், பிசகினால்

பொடி கசக்கிறது: ஏதோ ஒன்று கருகியிருக்கிறது. வெல்லம் போட்டாலும் மறையாது. மறுபடி செய்ய வேண்டும்.

பொடியில் உப்பு அல்லது காரம் கூடிவிட்டது: 50 கிராம் பருப்பை வறுத்து அரைத்துக் கலந்தால் சரியாகும். பொட்டுக்கடலையும் உதவும்.

தொக்கின் மேல் எண்ணெய் நிற்கவில்லை, இரண்டாம் நாள் நுரைத்தது போல் இருக்கிறது: நுரையும் புளித்த வாடையும் வந்தால் கொட்டிவிடுங்கள். எண்ணெய் மட்டும் நிற்கவில்லை, வாடை இல்லை என்றால், அன்றே மறுபடி வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெயோடு சுண்டவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

பூசணம் ஒரு புள்ளிதான் தெரிகிறது: மேலாக வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுகிற வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விடுங்கள். கண்ணுக்குத் தெரிவது மேல்பகுதிதான், அதன் இழைகள் கீழே இறங்கியிருக்கும். நூறு ரூபாய்த் தக்காளிக்காக வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

புளிக்காய்ச்சல் கல்லாக இறுகிவிட்டது: கெடவில்லை, அதிகம் சுண்டிவிட்டது. வேண்டிய அளவை எடுத்து, சூடான நல்லெண்ணெயில் இளக்கிக் கலந்தால் போதும். ஜாடியில் வெந்நீர் விடாதீர்கள்.

10. எப்படி, எவ்வளவு பரிமாறுவது

புளிச்சோறு: 200 கிராம் அரிசியை உதிர் உதிராக வடித்து, அகலத் தட்டில் கொட்டி, 1 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுங்கள். சூட்டில் கிளறினால் பருக்கை உடைந்து குழையும். ஆறினபின் 3 மேசைக்கரண்டி புளிக்காய்ச்சல், எடுத்து வைத்த பருப்பு, வறுத்த வேர்க்கடலை. கலந்து ஒரு மணி நேரம் ஊறினால்தான் உள்ளே பிடிக்கும்.

இட்லிப் பொடி: ஒரு மேசைக்கரண்டிப் பொடிக்கு 2 தேக்கரண்டி நல்லெண்ணெய், குழைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். வெளியூர்ப் பயணத்துக்கு என்றால், இட்லி ஆறினபின் குழைத்த பொடியை எல்லாப் பக்கமும் தடவி வாழையிலையில் கட்டுங்கள். சூடான இட்லியில் தடவினால் வியர்த்துப் பொடி வழிந்துவிடும்.

பருப்புப் பொடி கொதிக்கிற சோற்றுக்குத்தான். ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி. முதலில் நெய், பிறகு பொடி. பொடியை முதலில் போட்டால் சோற்றின் ஈரத்தைக் குடித்து உருண்டையாகும்.

தொக்கு தயிர்சாதத்துக்கும் சப்பாத்திக்கும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் அரைத் தேக்கரண்டித் தொக்கை மெல்லியதாகப் பரப்பி, தோசைக்கல்லில் இரு பக்கமும் சிவக்கவிடுங்கள். வெண்ணெய் அடியில் இருப்பதால் ரொட்டி ஊறி நமத்துப்போகாது. தோசையில் தடவுவதானால், மேல்பக்கம் வெந்து ஈரம் காய்ந்த பிறகு, தீயைச் சிம்மில் வைத்துத் தடவுங்கள். மாவு பச்சையாக இருக்கும்போது தடவினால் அந்த இடம் வேகாமல் பிய்ந்து வரும்.